கூறை கட்டிப் போன கிரிக்கெட்

அம்மாவின் கூறைச் சீலையின் முந்தானையில், சரிகைக் கரையிலிருந்து நான்கு விரல் உள்ளே, மங்கிய மஞ்சளில் ஒரு கறை இருக்கிறது. கத்தரிக்காய்க் குழம்புக் கறை. சலவைக் கடைக்கு இரண்டு தரம் கொடுத்துப் பார்த்தார் அம்மா, போகவில்லை. போன வருடம் அம்மா காலமானபோது, அப்பா முந்திப் போய்விட்டதால் கூறை உடுத்தி அனுப்பும் வழக்கமில்லை என்று சடங்குக்கு வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அது என் அலமாரிக்கு வந்தது. அம்மா அதை வாழ்நாளில் இரண்டே முறைதான் கட்டினார். ஒன்று அவருடைய கலியாணத்துக்கு. மற்றது லண்டனில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்துக்கு. கூறை கட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்க்கப் போன பெண் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார். நினைத்தால் சிரிப்பு வரத்தான் வேண்டும். எனக்கு வருவதில்லை.

அப்போது நாங்கள் செவன் கிங்ஸில் இருந்தோம். மேல்மாடியில் பெட்டி போல ஒரு சின்ன அறை. அதில் ஒரு மாமா குடியிருந்தார். சொந்த மாமா இல்லை. அப்பாவுடன் ஊரில் ஒன்றாகப் படித்தவரின் தம்பி. ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. அப்பாவை ‘அண்ணை’ என்பார், அம்மாவை ‘அக்கா’ என்பார், என்னை ‘பிள்ளை’ என்பார். வீட்டில் இருந்தால் இருக்கிற சத்தமே கேட்காது. கோப்பையைக் கழுவினால்கூட தண்ணீர் சிந்தாமல் கழுவுகிற மனிதர். கலியாணமாகி நாலாம் மாதம் பிரச்சினைகளுக்குப் பயந்து தனியாக வெளிக்கிட்டவர். வந்து ஏழு வருடமாகிவிட்டது. அவருடைய அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. முடிந்தால்தான் மனைவியைக் கூப்பிடலாம். அந்த மாமியை நான் கண்டதில்லை. கட்டில் தலைமாட்டில் ஒரு படம் இருந்தது. இரட்டைப் பின்னலும், படம் எடுப்பவரை நம்பாத பார்வையுமாக இருந்தார்.

எனக்கு ஏழு வயதான கோடையில் எங்கள் நாட்டு அணி டெஸ்ட் விளையாட லண்டனுக்கு வந்தது. மாமி அந்த நேரம் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில், மாமாவின் கேஸ் முடிந்து விசா வருமென்று காத்துக்கொண்டிருந்தார். லொட்ஜ் கூடத்தில் ஒரு தொலைக்காட்சி இருந்தது. ஆட்டம் அங்கே நேரடியாகப் போகும் என்று யாரோ சொன்னதிலிருந்து மாமா வேறு மனிதராகிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மூன்று நாளைக்கு முன்னமே லீவு கேட்டார். லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்து, தான் எந்தப் பக்கம் இருப்பேன், மைதானத்து மணிக்கூட்டுக்கு இடப்புறம் எத்தனையாவது வரிசை, வெளிக்கிடும்போது மாமி வாங்கித் தந்த நீலச் சட்டையைத்தான் போட்டிருப்பேன் என்றெல்லாம் சொன்னார். அந்த அணியின் ஆட்டத்துக்கு எங்கள் சனம் போவதா என்று கடைத்தெருவில் இரண்டு பேர் முகத்துக்கு நேரே கேட்டார்கள். மாமா ஆட்டத்துக்காகப் போகவில்லை என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது.

எங்களுக்கும் முழுக்கத் தெரியாது. பெண்சாதி தன்னைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று மட்டுந்தான் மாமா சொல்லியிருந்தார். லண்டனிலிருந்து கொழும்புக்குப் போன யாரோ ஒரு புண்ணியவான் மாமியிடம், ‘உன்ரை மனுசன் அங்கை வேற குடும்பம் வைச்சிருக்கிறான்’ என்று பற்ற வைத்துவிட்டுப் போயிருந்ததும், மாமி அதைக் கேட்டு அழுது கடிதம் போட்டிருந்ததும், நான் தனியத்தான் இருக்கிறேன், நீயே கண்ணால் பார் என்று சொல்லத்தான் மாமா அந்த மைதானத்துக்குப் போகிறார் என்பதும் அவர் வாயைவிட்டு வரவேயில்லை. மானம். எங்கள் ஆட்களின் மானத்தில் ஒரு பாதியையாவது அந்தக் காலத்தில் யாராவது பிடுங்கி எறிந்திருந்தால் எத்தனையோ குடும்பம் பிழைத்திருக்கும்.

அப்பாதான் மாமாவுடன் போவதாக இருந்தது. எனக்கும் சேர்த்து மூன்று டிக்கெட். காலையில் அப்பாவைத் திடீரென்று ஷிப்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டிக்கெட் வீணாகக் கூடாது, அக்காவைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு அவர் ஓடினார். அம்மாவுக்குக் கிரிக்கெட்டில் பந்து எது, மட்டை எது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் தொலைக்காட்சிக்காரரைப் பற்றி ஒரு கணக்கு வைத்திருந்தார். நீலச் சட்டைக்காரர் அங்கே ஆயிரம் பேர் இருப்பார்கள், கமரா ஏன் இவரைத் தேடி வரப்போகிறது? கண்ணைப் பறிக்கிற மாதிரி ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டும். ஒற்றைப் பையோடு ஊரைவிட்டு வந்த அம்மாவிடம் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒன்றேயொன்றுதான் இருந்தது. ரத்தச் சிவப்பில், உள்ளங்கை அகலச் சரிகையோடு அந்தக் கூறையைக் கட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். மாமா கீழே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. பயந்த முகம். ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

“அக்கா, குளிரும். மேலாலை கோட்டைப் போடுங்கோ” என்றார்.

ஓகஸ்ட் மாதம், வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா சிரித்தார். “நீர் விசரே தம்பி? கோட்டுப் போட்டால் பிறகு ஏன் இந்தச் சீலை?” என்றார். மாமா குனிந்து மற்றச் செருப்பையும் மாட்டினார். அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

ரயிலில் எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது, இத்தனை பச்சையான புல் லண்டனுக்குள் இருக்கிறதா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வெள்ளை உடுப்பில் ஆட்டக்காரர்கள் ஒரு அவசரமும் இல்லாமல் நடந்தார்கள். கைதட்டல்கூட மரியாதையாக, மெல்லத்தான் எழுந்தது. மாமா என்னை நடுவில் இருத்தி, எனக்கும் தனக்கும் இடையில் பையை வைத்து, அந்தப் பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தார். நாலு பந்துக்கு ஒருமுறை சட்டைக் கழுத்தைச் சரிசெய்தார். எங்கள் அணியின் மட்டையாளர் ஒருவர் அன்று அடித்த அடியைப் பற்றிப் பிறகு பலர் வியந்து பேசக் கேட்டிருக்கிறேன். மாமா அதில் ஒன்றையும் பார்க்கவில்லை. அவருடைய கண் எதிர்ப்பக்கம் சாரக்கட்டின் மேல் இருந்த கமராவிலேயே இருந்தது.

மதியம் அம்மா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அக்கம்பக்கத்து வெள்ளைக்காரர்கள் மூக்கை உயர்த்தி மணம் பிடித்துவிட்டுச் சிரித்தார்கள். அந்த நேரந்தான் எல்லைக்கோட்டுக்கு அருகே ஒருவர் தோளில் கமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிவப்பைக் கண்டார், நின்றார், எங்கள் பக்கம் திரும்பினார். அம்மாவின் கணக்குப் பிழைக்கவில்லை. “தம்பி, இஞ்சை பாக்கினம், நிமிர்ந்து இரும்” என்று சொல்லிக்கொண்டே, கையிலிருந்த கரண்டியை விட மனமில்லாமல், எனக்குக் குறுக்காகச் சரிந்து மாமாவின் தட்டில் குழம்பை ஊற்றினார். முந்தானை தட்டில் பட்டது. நான் விட்டேனா? இருக்கையில் ஏறி, மாமாவின் கழுத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, முதுகில் தொங்கி, கமராவுக்குக் கை காட்டினேன். விழுந்துவிடுவேன் என்று மாமா என் காலைப் பிடித்துக்கொண்டார். பிடித்தபடியே சிரித்துவிட்டார். ஏழு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை என்று அம்மா பிறகு சொன்னார். ஐந்து விநாடி இருக்கும். கமராக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

வரும் வழியெல்லாம் அம்மாவுக்கு வாய் ஓயவில்லை, கட்டாயம் கண்டிருப்பா, கட்டாயம் கண்டிருப்பா என்று. மாமா ஓம் அக்கா, ஓம் அக்கா என்றார்.

மூன்று கிழமை கழித்து நீல எயர்மெயில் வந்தது. மாமா அதை வாசித்துவிட்டு வேலைக்குப் போனார். அன்று பின்னேரம் அதை அப்பாவிடம் நீட்டினார். பிறகு அந்தக் கடிதம் எங்கள் வீட்டில் எத்தனையோ முறை வாசிக்கப்பட்டது. எனக்கு மனப்பாடம். “உங்களைக் கண்டனான். நல்லா இருக்கிறியள். பிள்ளைக்கு ஐஞ்சு வயது இருக்குமோ? உங்களோடை நல்ல வாரப்பாடு, கழுத்தை விடேல்லை. அவவும் வடிவு. என்னட்டைப் பொய் சொல்லாமல் கூறையோடையே கொண்டுவந்து காட்டினதுக்கு நன்றி. இனி எழுதவேண்டாம்.” அவ்வளவுதான். நான் வயதுக்குச் சிறுத்த பிள்ளை. ஐந்து என்றால் யாரும் நம்புவார்கள்.

அம்மா குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஏன் தம்பி எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

“உங்கடை வீட்டிலை இருந்துகொண்டு உங்களை வரவேண்டாமெண்டு எப்பிடி அக்கா சொல்லுறது?” என்றார் மாமா.

அப்பா அன்றைக்கே லொட்ஜுக்குத் தொலைபேசி எடுத்தார். மாமி பத்து நாளைக்கு முன் பெட்டியோடு வெளிக்கிட்டுவிட்டாராம். எங்கே என்று அவர்களுக்குத் தெரியாது. இருந்தாலும் அந்த விலாசத்துக்கே ஒரு தடித்த உறை அனுப்பினோம். அப்பாவும் அம்மாவும் மணக்கோலத்தில் நின்ற படம், அதே கூறையோடு. அப்பாவின் கடிதம், அம்மாவின் கடிதம். என்னையும் மேசையில் இருத்தி ஒரு துண்டில் எழுத வைத்தார்கள். இரண்டு மாதத்தில் உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. மாமி வடக்குக்குப் போய்விட்டார் என்றார்கள். சண்டையால் பாதை மூடியிருந்தது. தபால் போகவில்லை. பிறகு ஒருவர் மன்னார்ப் பக்கம் கண்டதாகச் சொன்னார், இன்னொருவர் இந்தியாவில் முகாமில் என்றார். தன் கண்ணால் கண்டேன் என்று சொன்னவர் ஒருவருமில்லை. மாமா கேட்டுக் கேட்டுப் பார்த்தார். ஒரு கட்டத்தில் கேட்பதையும் விட்டுவிட்டார்.

கடிதம் வந்த மாதமே மாமா எங்கள் வீட்டைவிட்டுப் போனார். ஊர்க்கதை அம்மாவைத் தொடக்கூடாது என்றார். அம்மாவும் அதற்குப் பிறகு அவர் தட்டில் ஒரு கரண்டி சோறு போட்டதில்லை. சமைத்தது அப்பாவின் கையில் போகும், வெறும் பெட்டி அப்பாவின் கையில் திரும்பி வரும். ஒரு தப்பும் செய்யாத இரண்டு பேர், தப்புச் செய்தவர்களைப் போல ஒருவருக்கொருவர் ஒளித்து முப்பது வருடம் இருந்தார்கள். கேஸ் முடிந்து கடைசியில் மாமாவுக்கு விசா கிடைத்தது. கூப்பிடத்தான் ஆள் இல்லை.

இப்போது மாமா இல்ஃபோர்டில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். நினைவு கலங்கிவிட்டது. சேர்த்த அன்று படிவத்தில் நான் அவருக்கு என்ன உறவு என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதற்கு முதல் கிழமைதான் கூறையை விரித்தபோது, மடிப்புக்குள் அந்தத் திரும்பி வந்த உறை விழுந்தது. அம்மா எறியவேயில்லை. பிரித்தேன். என் கோணல் எழுத்து. “அன்புள்ள மாமிக்கு, நான் மாமாவின்ரை பிள்ளை இல்லை. என்ரை அப்பா வேற ஆள். நீங்கள் கெதியா வாங்கோ.” படிவத்தின் முன் அந்த வரிகள்தான் நினைவில் ஓடின. அவருக்கு வேறு யாருமில்லை. கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன சனிக்கிழமை போனபோது கூடத்துத் தொலைக்காட்சியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. மாமா பந்தைப் பார்ப்பதில்லை. சனத்தைக் காட்டும்போது மட்டும் தலையை நீட்டிப் பார்ப்பார். அன்றும் கமரா இருக்கைகளின் மேல் மெல்ல நகர்ந்தது. மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“பிள்ளை, அக்கா கோட்டுப் போட்டிட்டாவே?”

“ஓம் மாமா,” என்றேன். “போட்டிட்டா.”

அவர் கையை விட்டுவிட்டுச் சாய்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்து கூறையை எடுத்து, அந்தக் கறையில் விரலை வைத்துப் பார்த்தேன். கோட்டுப் போட்டிருந்தால் இதுவும் பட்டிருக்காது.