முனிக்கு அத்தை வாங்கிய சுருட்டு

ஈர வெற்றிலையும் புகையிலையும் ஒரே பைக்குள் நாள்பட அடைந்து கிடந்தால் எழும் வாடை, நனைந்த சாக்கின் வாடைக்கும் தீய்ந்த வெல்லத்தின் வாடைக்கும் இடைப்பட்டது. பிச்சாட்டூரை அடுத்த எங்கள் ஊரில், நாங்கள் நைனா என்று அழைக்கும் அப்பாவின் அண்ணனான பெரிநைனா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய பையின் அந்த வாடை நுழைந்துவிடும். வெற்றிலை வாடாமலிருக்க நனைத்த துணியில் சுற்றி அதை அவர் பைக்குள் வைத்திருப்பார். அதன் பக்கத்திலேயே சில சுருட்டுகள் கிடக்கும். இன்னொரு கட்டுச் சுருட்டு, சமையலறையில் அடுப்புக்கு மேலிருந்த பரணில், புகையில் காய்ந்துகொண்டே இருக்கும். ஒரே மனிதர் ஒரே பொருளை எதற்காக இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஐயம் எனக்குப் பத்து வயதில் வந்தது. பேசாத பிள்ளை என்று பெயரெடுத்திருந்த எனக்குக் கவனிப்பதற்கு வேண்டிய நேரம் இருந்தது.

எங்கள் நிலத்து மூலையில், வேப்பமரத்தின் கீழ், சுட்ட மண்ணால் ஆன முனி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய வாயில் சுருட்டு நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. ஆடி மாதம் கோழி அறுத்துப் பொங்கல் வைத்த பிறகு, குடும்பத்தின் மூத்தவர் கற்பூரச் சுடரில் சுருட்டைப் பற்றவைத்து அந்தத் துளையில் செருகி, வீட்டில் முடிவாகாமல் நிற்கும் ஒரு காரியத்தை உரக்கச் சொல்வார். சுருட்டு அடிவரை எரிந்து சாம்பலானால் 'சாமி குடிச்சிட்டாரு', காரியத்தைத் தொடங்கலாம். பாதியில் அணைந்துபோனால் 'சாமி துப்பிட்டாரு', அந்தப் பேச்சை அடுத்த ஆடிவரை விட்டுவிட வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் 'சுருட்டுக் கேள்வி' என்று பெயர். பெரிநைனா விரும்பிய போர்க்கிணற்றுக்கு முனி கடைசி இழுப்புவரை குடித்தார். நைனா விரும்பிய பழைய டிராக்டரைத் துப்பிவிட்டார். முனியின் எண்ணமும் பெரிநைனாவின் எண்ணமும் ஒருமுறைகூட வேறுபட்டதில்லை என்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. கவனிக்காததாலா, கவனித்ததாலா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நைனாவின் தங்கை ரேவதி அத்தை டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சத்தியவேடு பக்கம் புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றில் ஊர்ப்பெண்கள் சிலர் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருந்தார்கள். அவளுக்கும் அழைப்பு வந்தது. பெரிநைனா மறுக்கவில்லை. முனியைக் கேட்போம் என்றார். கேட்டார்கள். சுருட்டு விரற்கடை அளவுகூட எரியாமல் அணைந்தது.

"சாமியே வாயில வெச்சிட்டுத் துப்பிட்ச்சி. இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?" என்று பெரிநைனா கைகளை விரித்தபோது, அவருடைய முகத்தில் இருந்த வருத்தம் சற்று அதிகமாகவே இருந்ததாக எனக்குப் பட்டது. அன்று அவர் சுருட்டை எடுத்தது பரணிலிருந்து அல்ல, பையிலிருந்து. போர்க்கிணற்றுக்கு எடுத்தது பரணிலிருந்து. இதை அத்தையிடம் சொன்னேன். அவள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"யார்கிட்டயும் சொல்லாத."

கம்பெனி அடுத்த ஆண்டும் ஆள் எடுத்தது. ஆடி நெருங்கியபோது, எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், இந்த முறை சுருட்டைத் தானே வாங்கி வருவதாக அத்தை சொன்னாள். கேள்வி யாருடையதோ அவர் படையல் பொருளை வாங்கித் தரலாம் என்பது வழக்கம்தான். ஆனால் அதுவரை எந்தப் பெண்ணும் சுருட்டை வாங்கித் தந்ததில்லை.

"ஒனக்கு சுருட்டப் பத்தி இன்னா தெரியும்?" என்று பெரிநைனா சிரித்தார்.

"தெரிஞ்சிக்கினா போச்சி."

புத்தூர் கடைத்தெருவுக்கு என்னைத் துணைக்கு அழைத்துப்போனாள். சுருட்டுக் கடைக்காரர் முதலில் தெலுங்கில் விசாரித்து, பிறகு தமிழுக்கு மாறி, யாருக்கு என்று கேட்டார். சாமிக்கு என்றாள்.

"எங்க ஊர்ச் சாமிங்கல்லாம் சாய்ந்தரமானா தானா நடந்து வந்து வாங்கிக்கினு போவுதுங்க. ஒங்க சாமிக்குக் கால் வலியாம்மா?"

அத்தை சிரிக்கவில்லை. தட்டில் பரப்பியிருந்தவற்றைக் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலப் பொறுக்கத் தொடங்கினாள். அழுத்தினால் மெத்தென்று அமுங்குவது, கையில் கனப்பது, மேலிலை கறுத்துப் பளபளப்பது: காய்கறிக்கு அவள் அறிந்திருந்த நல்ல குணங்கள் எல்லாம் உள்ள தடித்த சுருட்டுகளைத் தனியே வைத்தாள். கடைக்காரர் உடனே, "சரியான ஆளும்மா நீ, அத்தினியும் மொதல் தரம்," என்றார். அந்தப் பாராட்டு வந்த வேகத்தை நான் நம்பவில்லை. அத்தையும் நம்பவில்லை போலும். காகிதத்தில் மடித்துக் கட்டும் நேரத்தில், மூலையில் கேட்பாரற்றுக் கிடந்த மெலிந்த சுருட்டுகள் சிலவற்றையும் சேர்த்துக் கட்டச் சொன்னாள்.

பஸ்ஸில் வந்து எங்கள் ஊருக்கு முந்திய நிறுத்தத்தில் இறங்கினோம். ஒதுக்குப்புறமான ஒரு பாழடைந்த மோட்டார் ரூமின் வாசலில் என்னைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, அத்தை உள்ளே போய்த் தடித்த சுருட்டு ஒன்றின் நுனியில் தீக்குச்சியைக் காட்டினாள். பற்றவில்லை. பெரிநைனா செய்வதைப் பார்த்திருந்தபடி அதை வாயில் வைத்து இழுத்தாள். இருமல் அவளை இரண்டாக மடித்தது. கண்களில் நீர் வழிய, "இதையா இந்தாளுங்க ஆசையாக் குடிக்கிறாங்க?" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் இழுத்தாள். சுவரின் பொந்தில் செருகியதும் அது அணைந்துபோனது. வாங்கிய தடித்த சுருட்டுகள் எல்லாமே அப்படித்தான் அணைந்தன. மெத்தென்று இருந்ததன் பொருள் ஈரம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பிறகு மெலிந்த சுருட்டு ஒன்றைக் காதருகில் வைத்து மெல்ல உருட்டினாள். சருகு மிதிபடும் சத்தம் வந்தது. அதைப் பற்றவைத்துப் பொந்தில் செருகினோம். ஆடிக்காற்றில் அது யாரும் இழுக்காமலே, ஒருவருக்கும் அஞ்சாததுபோல, அடிவரை எரிந்தது.

வீட்டு வாசலில் பெரிநைனா நின்றிருந்தார். அத்தை அவரைக் கடந்தபோது மூக்கை உறிஞ்சினார்.

"இன்னாடி, ஒம்மேல சுருட்டு நாத்தம்?"

"வாங்கியாந்தவ மேல அடிக்காம வேற யார் மேல அடிக்கும்?"

அவள் உள்ளே போய் வாயில் வெல்லத்தைப் போட்டுக்கொண்டதை அவர் பார்த்தார். அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அன்றிலிருந்து படையல் நாள்வரை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கவனித்த விதத்தில், ஒரே வரப்பில் எதிரெதிரே வந்துவிட்ட இரண்டு பேரின் எச்சரிக்கை இருந்தது.

பொங்கல் பொங்கி, வெயில் தாழ்ந்தது. பெரிநைனா கையை நீட்டினார்.

"குடு. நேரம் வர்ற வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்."

பையின் வாய் திறந்திருந்தது. அத்தை கைக்குட்டையில் சுற்றிய சுருட்டை விடவில்லை.

"அதுல போடாதண்ணா. ஈரம்."

அவர் முகம் மாறியது. தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஈரம் பட்டா இன்னா ஆவும்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கைக்குட்டையை மார்போடு சேர்த்துக்கொண்டாள். அவர் பைக்குள் என்ன செய்தார் என்பதை அவள் சொன்னால், அவள் வாயில் எதை வைத்தாள் என்பதை அவர் சொல்வார். அவள் கை எச்சிற்கை என்றாகிவிட்டால் படையலே செல்லாது, அந்த ஆண்டும் போய்விடும். சுற்றி நின்றவர்களுக்கு இது எதுவும் விளங்கவில்லை. "இன்னா ஈரம் கீரம்னுக்கினு? வெளக்கேத்தற நேரமாவுது, வைங்க," என்று நைனா பொறுமையிழந்தார். பெரிநைனா பையை மூடினார். சுருட்டை அவள் கையிலிருந்து நேராக வாங்கிக் கற்பூரத்தில் காட்டி, முனியின் வாயில் செருகி, தங்கச்சி வேலைக்குப் போகலாமா என்று கேட்டார். நடுவில் ஒருமுறை கங்கு மங்கியது. அத்தையின் விரல்கள் என் தோளில் அழுந்தின. காற்று திரும்பியது, கங்கு சிவந்தது. சாம்பல் முழுதாக முனியின் மடியில் உதிர்ந்ததும், "சாமி குடிச்சிட்டாரு," என்று முதலில் சொன்னவர் பெரிநைனாதான்.

அவர் நினைத்திருந்தால் அதைக் கெடுத்திருக்கலாம். பற்றவைக்கும்போது அரைகுறையாகக் காட்டியிருக்கலாம், செருகும்போது நசுக்கியிருக்கலாம். செய்யவில்லை. அச்சத்தாலா, மனமிரங்கியா, அல்லது பையில் சுருட்டு கிடந்ததற்கு உண்மையிலேயே எந்த உள்நோக்கமும் இல்லையா? எழுதியவர் சொல்லாததை வரிகளுக்கிடையில் தேடுவது எனக்கு இப்போது படிப்பாகவே ஆகிவிட்டது. ஆயினும் பெரிநைனாவின் அந்த மாலையை என்னால் உறுதியாகப் படித்துவிட முடியவில்லை.

அடுத்த ஆடியில் அவர் முனிக்குச் சுருட்டு வைத்தார், எதையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை. இலக்கியத்தில் எம்.ஏ. படிக்க நான் திருப்பதிக்குப் புறப்பட்டபோது நைனா விசாரித்ததெல்லாம் பஸ் நேரத்தைத்தான். டாக்டர் கண்டித்ததால் பெரிநைனா சுருட்டையும் வெற்றிலையையும் விட்டுவிட்டார். அந்தப் பையும் அதன் வாடையும் வீட்டில் இல்லை. பரணிருந்த இடத்தில் இப்போது மிக்ஸியும் கிரைண்டரும் இருக்கின்றன. அத்தை அதே கம்பெனியில் சூப்பர்வைசர்.

சென்ற ஆடிக்கு அவள் விடுமுறையில் வந்திருந்தாள். முனியின் வாயில் சுருட்டு கேள்வியின்றிப் புகைந்துகொண்டிருந்தது. அன்று கங்கு மங்கியபோது அணைந்தே போயிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். தொலைவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிநைனாவை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னா செய்வேன்? சாமி வாய்லேர்ந்து புடுங்கி, அத்தினி பேர் எதிர்லயும் நானே இழுத்துப் பத்த வெச்சிருப்பேன்."