பதினான்கு வயதுக் காற்சட்டை

பல குளிர்காலங்களுக்கு முன்பு, ஒஸ்லோவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில் அவரைச் சந்தித்தேன். விற்பனையாளர், நம்மவர். உயரத்தில் என்னைவிடவும் கட்டை, ஆகவே உடனே பிடித்துப்போனது. யாருடன் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் முழங்காலுக்குக் கீழேயே பார்ப்பார்.

மறுநாள் மகளின் பள்ளியில் பனிச்சறுக்கு நாள். முந்தைய ஆண்டு, நீளமான காற்சட்டையைச் சாரம்போல இடுப்பில் மடித்துச் சொருகிக்கொண்டு போயிருந்தேன். பாதிச் சரிவில் மடிப்பு அவிழ்ந்தது. மகள் என்னைத் தெரியாதவள்போல நின்றாள்.

கதையைக் கேட்டும் அவர் சிரிக்கவில்லை.

"கீழை வெட்டினால் பனி உள்ளுக்கை போகும், அண்ணை. இஞ்சை வாங்கோ" என்று சிறுவர் பகுதிக்குக் கூட்டிப்போனார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டேன். கால் அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது. உள்பக்கம் 'பதினான்கு வயது' என்றிருந்தது.

"மகள் பாத்தால்?"

அவர் தன் இடுப்புப்பட்டியைத் திருப்பிக் காட்டினார். "எனக்குப் பன்னெண்டு. நீங்கள் மூத்தவர், அண்ணை."

மறுநாள் சரிவின் அடியில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது அவள் என்னைவிட உயரம். காற்சட்டையின் கால் இன்னமும் பொருந்துகிறது. இடுப்பைப் பற்றிக் கதைக்க வேண்டாம். கடை இருந்த இடத்தில் மூக்குக்கண்ணாடி விற்கிறார்கள். அவருடைய பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேன். எங்கிருந்தாலும் பன்னிரண்டைத் தாண்டியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.