ஜன்னலுக்கு வெளியே செல்வி

கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்தது. கிரிவலப் பாதையை ஒட்டிய ஊரில் நான் தலைமையாசிரியை. காலனியிலிருந்து வரும் செல்வியின் வீட்டில் போன் இல்லை. ஊருக்குள் இருக்கும் வகுப்புத் தோழி கவிதா வீட்டுக்குப் போய் அவளோடு சேர்ந்து படிக்க நானே ஏற்பாடு செய்தேன். பெரிதாகச் சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

ஒருநாள் ஆன்லைன் வகுப்பை எட்டிப் பார்த்தேன். கவிதாவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே நின்றபடி செல்வி எழுதிக்கொண்டிருந்தாள்.

நேரில் ஓடினேன். “காலனிப் பொண்ண உள்ள வுடுவாங்களா டீச்சர்? உங்களுக்குத் தெரியாததா?” என்றார் கவிதாவின் அம்மா.

தெரியும். தெரிந்துதான் எதுவும் கேட்காமல் அனுப்பியிருந்தேன்.

செல்வியைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். “எத்தினி நாளா நிக்கிற?”

“மொத நாள்லருந்து டீச்சர். வெயிலுதான் ஜாஸ்தி. பாடம் நல்லா கேக்குது.”

என் போனை அவளிடமே கொடுத்தேன். என் மனம் நோகக்கூடாதென்றுதான் ‘பாடம் நல்லா கேக்குது’ என்றாள் என்பது வீடு திரும்பியபிறகே உறைத்தது. அந்தக் குழந்தை என்னைத் தேற்ற வேண்டியிருந்ததே என்ற வெட்கம் இன்னும் போகவில்லை.