பச்சைக் கல்லில் செம்பு தேடி

தூத்துக்குடிக் கடற்கரையில் வெயில் ஏறுகிறது. யுத்த காலம், செம்புக்குத் தட்டுப்பாடு. இங்கே பாறையில் செம்புக் கறை உண்டென்று ஒரு வெள்ளைக்காரர் பத்து வருஷத்துக்கு முன் அறிக்கை எழுதி வைத்திருக்கிறார். துளை போடும் இயந்திரத்தை அனுப்பலாமா என்று பார்த்து வர என்னைக் கனிமம் தேடும் எங்கள் ஆபீஸ் அனுப்பியிருக்கிறது.

கறை இருக்கத்தான் செய்கிறது, மயில் கழுத்துப் பச்சையில். ஆனால் பாறையோ சிப்பியும் மணலும் இறுகிய சுண்ணாம்புக் கல். இதில் செம்பு இருக்க நியாயமே இல்லை. சுத்தியலால் ஓங்கித் தட்டுகிறேன். உள்ளே வெறும் வெள்ளை.

பக்கத்தில் தோணி செப்பனிடும் மேஸ்திரி சிரிக்கிறார். “தோணி அடியில பூச்சி அரிக்காம செம்புத் தகடு அடிப்போம்லா? கழத்துன பழைய தகட்ட இந்தக் கல்லுல போட்டுத்தான் பச்சக் களிம்பு உதுரத் தட்டுவோம்.”

“முன்னால வந்த துரைகிட்ட இதைச் சொல்லலையா அண்ணாச்சி?”

“அவரு கல்லுதான கேட்டாரு. ஒடச்சிக் குடுத்தோம்.”

நானும் ஒரு துண்டைக் காகிதத்தில் பொதிகிறேன். செம்பு இல்லை என்று எழுதினாலும் ஆபீசுக்குக் கல்லைக் காட்டியாக வேண்டும். இன்னொரு துண்டுக்காகச் சுத்தியலை ஓங்குகிறேன்.

“போதும் சார்,” என்கிறார் மேஸ்திரி. “அடுத்தால வாறவுகளுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்க.”