எமிலின் லத்தீன்

அரிப்பு என்ற கடற்கரை ஊரில் எமில் தனியாக வாழ்ந்தார். இளவயதில் கத்தோலிக்கக் குருமடத்தில் ஆறு வருடம் படித்து, குருவாகாமல் திரும்பி வந்தவர். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சக் காலத்தில் ஊரும் கேட்பதை விட்டுவிட்டது. கலியாணமும் செய்யவில்லை. ஐஸ் கொம்பனியில் கட்டி உடைத்து மீன்பெட்டிகளை நிரப்புவது அவருடைய வேலை. குருமடத்திலிருந்து அவரோடு வந்தது லத்தீன் மட்டும். அதைக் கேட்க அந்தக் கரையில் ஆளில்லை.

எமிலின் ஐம்பத்தாறாவது வயதில்தான் அப்படி ஒருவர் வந்தார். பக்கத்து ஊரான சிலாவத்துறையைச் சேர்ந்த ஹுஸ்னியா, பல்கலைக்கழக விரிவுரையாளர். இடைக்கால ஐரோப்பியர் முத்தைப் பற்றி எழுதிய பாட்டுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தக் கடலையே காணாதவர்கள் இங்கே குளித்தெடுத்த முத்தை என்னவென்று நினைத்தார்கள் என்பது அவருடைய கேள்வி. பாட்டுகள் லத்தீனில் இருந்தன. தேவாலயத்துப் பங்குச் சுவாமியிடம் உதவி கேட்டபோது, அவர் எமிலைக் காட்டினார்.

அதன்பின் பின்னேரங்களில் அழைப்பு வரும். பழைய கையெழுத்துப் பிரதிகளின் படங்களை ஹுஸ்னியா கைபேசிக்கு அனுப்புவார். எமில் வாசித்துக் கருத்துச் சொல்வார். ஒருநாள் வந்த வரியில், சிப்பி கடல்மேல் எழும்பி வாய் திறந்து, வானத்து ரோசாவை வாங்கி முத்தாக்கியது.

"கடலிலை ரோசாவோ? ஆனால் அப்பிடித்தான் கிடக்கு, மிஸ்."

இருவரும் சிரித்தார்கள். எமில் அப்படிச் சிரித்து வருடக்கணக்காகியிருந்தது. வேலை முடிந்ததும் தலை முழுகிச் சட்டை மாற்றிக்கொண்டு அழைப்புக்காகக் காத்திருக்கப் பழகினார்.

இதற்கிடையில் ஹுஸ்னியா இணைய வகுப்பில் லத்தீன் படிக்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் தயங்கியபடி சொன்னார்:

"அண்ணன், அந்தச் சொல் ரோசா இல்லை. 'ரோஸ்'. லத்தீனிலை அது பனித்துளியாம்."

எமில் படத்தைத் திரும்பப் பார்த்தார். "ஓம், நான் பிழையா வாசிச்சிட்டன்."

அழைப்புகள் நிற்கவில்லை. ஆனால் ஒரு பின்னேரம் எமில் வரியை முடிக்கு முன்னரே ஹுஸ்னியா அதன் கருத்தைச் சொல்லிவிட்டார்.

"மிஸ், இது உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"பிறகேன் கேக்கிறீங்கள்?"

"நீங்கள் தனிய இருக்கிறீங்கள் எண்டுதான்."

எமிலுக்கு முகம் சுட்டது. "அதுக்காக எடுக்க வேண்டாம்," என்றார்.

ஹுஸ்னியா எடுக்கவில்லை. வாடைக்காற்றுக் காலம் முழுக்க எமிலின் கைபேசியில் கொம்பனி முதலாளியின் குரல் மட்டும் கேட்டது. ஹுஸ்னியாவின் பெயரை அவர் பலமுறை தேடி எடுத்தார், அழுத்தாமல் வைத்தார். காற்று மாறிய ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து, அழுத்தினார்.

"அலுவல் ஒண்டுமில்லை, மிஸ். சும்மா எடுத்தனான்."

"நல்லது, அண்ணன். சாப்பிட்டீங்களோ?"

"ஓம்."

 ஐஸ் மெஷின் பழுதான கதையை எமில் சொன்னார். ஹுஸ்னியா பொறுமையாகக் கேட்டார்.

இப்போது சில ஞாயிறுகளில் ஹுஸ்னியா எடுப்பார், சில ஞாயிறுகளில் மறந்துவிடுவார். மற்றப் பின்னேரங்களில் எமில் கதவைச் சாத்திக்கொண்டு லத்தீனைச் சத்தமாக வாசிக்கிறார்.