மறியல் அன்று அரியலூர் மண்டபத்தில்

என் மனைவி ஆசிரியை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், தா.பழூரில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். எண்பதுகளில் நடந்த ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் அவளும் அரியலூருக்கு மறியலுக்குப் போனாள். எங்கள் பெண் அப்போது தாய்ப்பால் குடிக்கிற குழந்தை.

"கைது பண்ணி மண்டபத்துல வச்சிட்டு சாயங்காலம் விட்டுடுவாங்க. அதுவரைக்கும் பசும்பால பாலாடையில ஊத்திக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறியல் செய்பவர்களைக் கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துப் பொழுது சாய அனுப்புவதுதான் வழக்கம்.

குழந்தை பாலாடையைத் தொடவே இல்லை. மத்தியானம் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர் ஒருவர், "இந்தத் தடவ எல்லாரையும் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டு போறாங்களாம்" என்றார். வெளுத்த வேட்டி சட்டையை மாட்டிக்கொண்டு, குழந்தையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மண்டப வாசலில் போன முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் வாடிக் கிடந்தது. போலீஸ்காரரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டே நின்றேன். குழந்தை அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

"என்ன சார், நைசா வெளிய வந்துட்டீங்களா? உள்ள போங்க" என்று அவரே என் தோளைப் பிடித்துத் தள்ளினார். நான் குழந்தையை அணைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அழுகையைக் கேட்டு என் மனைவி ஓடி வந்தாள். மணப்பெண் அறைக்குள் கொண்டுபோய்ப் பால் கொடுத்தாள். அழுகை நின்ற பிறகுதான் மற்ற சத்தமெல்லாம் என் காதில் விழுந்தது. என் காலத்து வாத்தியார், ஊர்ப் பெரிய மனுஷன் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். இவர்கள் கதவைத் தட்டி, போலீஸிடமே "தண்ணி எங்கய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

ஜெயிலுக்குப் போக பஸ் வந்தது. என்னையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள்.

"இவரு வாத்தியார் இல்லீங்க, என் வூட்டுக்காரரு. அஞ்சாவதுதான் படிச்சிருக்காரு" என்றாள் மனைவி.

"பஸ்ஸப் பாத்ததும் எல்லாரும் அஞ்சாவதுதாம்மா" என்றார் போலீஸ்காரர்.

பின்னால் நின்ற தலைமையாசிரியர் ஒருவர், "பதினாறாம் வாய்ப்பாடு கேட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சிரிப்புச் சத்தத்தில் இன்ஸ்பெக்டர் திரும்பினார். என் மனைவியின் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பச்சப்புள்ளய வச்சிக்கிட்டு ஜெயிலுக்கா? இவங்க ரெண்டு பேரையும் அனுப்புய்யா" என்றார்.

"வேலைக்குத் திரும்புறேன்னு எழுதிக் குடுக்க மாட்டேன் சார்" என்றாள் மனைவி.

"உங்கள யாரு கேட்டா? வூட்டுக்குப் போங்கம்மா."

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மனைவி கேட்டாள்.

"நான் வாத்தியார் இல்லன்னு வாசல்லயே ஏங்க சொல்லல?"

"சொல்லியிருந்தா உள்ள விட்டிருப்பானா?"

அவள் சிரித்தாள். பிறகு, "மத்தவங்க எல்லாம் இந்நேரம் திருச்சி போயிட்டிருப்பாங்க. நாளைக்கும் மறியல் இருக்குங்க" என்றாள்.

"போ. புள்ளயத் தூக்கிக்கிட்டு நானும் வரேன்" என்றேன்.