அந்தப் பக்கத்து எண்ணெய்

என் சமையலறையில் ஒரு மணை இருக்கிறது. கால் பொருத்தாத வெறும் மாமரப் பலகை. எப்படி வேண்டுமானாலும் திருப்பிப் போடலாம். ஒரு பக்கம் பச்சைப் பெயிண்டின் திட்டுகள், மறுபக்கம் எண்ணெய் ஏறிக் கறுத்த வழவழப்பு. யார் சாப்பிட வந்தாலும் பச்சைப் பக்கம் மேலே இருக்கும்படிதான் போடுவேன். உட்காருகிறவர்களுக்குச் சொரசொரவென்று குத்தும். குத்தட்டும்.

ஐம்பதுகளின் நடுவில் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தபோது, கொல்லையை மறித்துப் போட்ட வேலியில் இருந்த பலகை அது. அந்தப் பக்கம் என் கணவரின் அண்ணன் குடும்பம், இந்தப் பக்கம் நாங்கள். அண்ணன் மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவர் அரை டிராயர் போட்டிருந்த வயதில் அந்த வீட்டுக்கு வாழ வந்தவர். தாயில்லாத பிள்ளைக்குத் தலைவாரி, சோறு போட்டு ஆளாக்கியவர். எல்லாம் சரிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக நான் வைக்கிற ஒவ்வொரு குழம்பையும் என் கணவர் நாக்கில் வைத்துவிட்டு, "அண்ணி கை வச்சா அது தனி" என்று சொல்ல வேண்டுமா? கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். நான் செய்த ஏதாவது ஒன்றைப் பார்த்து, அண்ணியை நடுவில் இழுக்காமல், நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னால் போதும் என்றிருந்தது. வேலி எழும்பினால் அந்தப் பேச்சும் அந்தப் பக்கமே நின்றுவிடும் என்று நம்பினேன்.

வேலியை அவரே அடித்தார். பலகைகளின் இழைத்த முகம் அண்ணி வீட்டைப் பார்த்திருந்தது. குறுக்குச் சட்டமும் இழைக்காத முதுகும் மடக்கிய ஆணி முனைகளும் எங்களைப் பார்த்திருந்தன. ஏன் இப்படி என்று கேட்டேன். "அண்ணி பக்கம் ஆணி நீட்டிட்டிருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார். என் புடவை கிழிந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

புது மரம். சித்திரை வெயிலில் பிளந்துவிடும், ஐப்பசி மழையில் உளுத்துவிடும், ஏதாவது பூசியாக வேண்டும். அவரவர் பக்கத்தை அவரவர் பார்த்துக்கொள்வதென்று பேச்சு. அக்கா கடைக்கே போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பூஜை விளக்குகளைத் தேய்க்கும்போது அடியில் தங்கும் இலுப்பெண்ணெய்க் கசடை வடித்து, கொஞ்சம் வேப்பெண்ணெய் சேர்த்து வெயிலில் சூடேற வைப்பார். பழந்துணியில் தொட்டு, வாரத்துக்கு ஒரு பலகையாகத் தேய்ப்பார். கடைசிப் பலகை முடிந்ததும் மறுபடி முதல் பலகை. தேய்க்கிற சத்தம் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். என் கணவர் கிணற்றடியில் நின்று மூச்சை இழுத்து, "கோயிலுக்குள்ள போன மாதிரி இருக்கு" என்பார். எனக்கென்னவோ எண்ணெய்ச் சிக்கு நாற்றம்தான் அடித்தது.

நான் விடுவேனா? அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போய், இருப்பதிலேயே பளிச்சென்ற பச்சைப் பெயிண்டை வாங்கி வந்தேன். இடுப்பு ஒடிய நானே அடித்தேன். சாயங்காலம் அவர் வந்து பார்த்தார். கண் விரிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அடேயப்பா, பளபளன்னு இருக்கே!" என்றவர், அடுத்த மூச்சிலேயே, "அண்ணி பாத்தாங்களா?" என்றார். அன்றைக்கு ரசத்தில் உப்புப் போடவில்லை. மறந்துபோய் அல்ல.

மழை முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. அந்தப் பக்கமோ கறுத்து மினுமினுத்தது. அக்கா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "தங்கச்சி, நம்ம எண்ணெய் கொஞ்சம் தரட்டுமா?" என்றார். "வேண்டாங்க்கா, எங்களுக்குக் கலர்தான் பிடிக்கும்" என்றேன். அதற்கப்புறம் வருஷா வருஷம் நான் அடிப்பதும் அது உதிர்வதும் வழக்கமாகிப்போனது.

அறுபதுகளில் மூத்தாரும் அக்காவும் மகனோடு இருக்க வெளியூர் போனார்கள். அவர்கள் பங்கை நாங்களே எடுத்துக்கொண்டு வேலியைப் பிரித்தோம். ஒரு பலகையை மணைக்காக என் கணவர் அறுத்தார். அறுத்த முனையை நான் குனிந்து பார்த்தேன். என் பச்சை, நகக்கனம்கூட இல்லாத தோல். அக்காவின் எண்ணெய் அந்தப் பக்கத்திலிருந்து கறுப்பாக இறங்கி, மரத்தின் சதையெல்லாம் ஊறி, என் பெயிண்டின் அடிவரை வந்திருந்தது. பெயிண்டை நிற்க விடாமல் தள்ளியது அந்த எண்ணெய்தான். இத்தனை மழைக்கும் என் பக்கம் உளுக்காமல் காத்ததும் அதேதான். அவர் முனையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒட்டியிருந்த பச்சையை விரலால் தடவி, "நீ அடிச்ச கலர் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். அண்ணி பேச்சே இல்லை.

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை! அதை வாயில் போட்டுச் சப்பக்கூட முடியாமல், அந்த அறுத்த முனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று அவரும் இல்லை, அக்காவும் இல்லை. வெள்ளிக்கிழமை விளக்குத் தேய்க்கும்போது மிஞ்சுகிற கசடை நான் அந்த மணைக்குத் தடவுவதில்லை. வாசல் செடியில் கொட்டிவிடுகிறேன். மணை இத்தனை காலமாகத் தண்ணீரிலும் ஈரத்திலும்தான் கிடக்கிறது. ஒரு பூச்சியாவது அரிக்கிறதா என்று அவ்வப்போது திருப்பிப் பார்க்கிறேன். அரிக்கக் காணோம்.